அஞ்சலக வாசலில் எழுதி வையுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம். காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா ஒருவர், செல்போனில் வரும் முதலீட்டுச் செயலிகளில் எது நல்லது என்று என்னிடம் கேட்டார். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியில் பதிவு உண்டா என்று முதலில் பாருங்கள் என்றேன். அதற்கும் முன்னால், அஞ்சலகத்தில் பிபிஎஃப் என்னும் பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கு தொடங்கச் சொன்னேன். ஆண்டுக்கு 500 ரூபாய் போதும், 1.5 லட்சம் வரை போடலாம். 15 வருடத் திட்டம். வட்டிக்கு வரி கிடையாது. ஆனால் மாதம் 5-ஆம் தேதிக்குள் கட்டினால்தான் அந்தப் பணத்துக்கு அம்மாத வட்டி சேரும். இது தெரியாமல் நான் பல வருடம் 7-ஆம் தேதி கட்டி வந்தேன். யாரும் சொல்லவில்லை. இப்போதும் மனசு ஆறவில்லை. 10 வயதுக்குட்பட்ட பெண் குழந்தைக்குச் செல்வமகள் கணக்கு 250 ரூபாயிலேயே தொடங்கலாம். வடசென்னை அஞ்சலக வாசல்கள் எல்லாவற்றிலும் இவற்றைப் பெரிய தமிழ் எழுத்தில் எழுதி வைக்க வேண்டும்.

– வாசகி, தண்டையார்பேட்டை