249ஆவது இடத்தையும் எண்ண வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்து உலகம் தன்பாலீர்ப்புள்ள வீரர்களை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று கூறுவோர், 2021 ஜூனில் லாஸ் வேகஸ் ரைடர்ஸ் வீரர் கார்ல் நாசிப் இன்ஸ்டாகிராம் காணொளியில் தாம் தன்பாலீர்ப்புள்ளவர் என வெளிப்படுத்திக்கொண்டதையே சான்றாகக் காட்டுகின்றனர். அதே ஆண்டு செப்டம்பரில் பால்டிமோர் ரேவன்ஸ் அணியுடனான ஆட்டம் கூடுதல் நேரத்துக்கு நீண்டபோது, எதிரணி வீரர் லமார் ஜாக்சனின் கையிலிருந்த பந்தை அவர் தட்டி விழச்செய்ததும், அரங்கம் ஆர்ப்பரிக்க ரைடர்ஸ் வென்றதும் மகிழ்ச்சிக்குரியவையே.

ஆனால் நாசிப் அப்போது பல பருவங்கள் ஆடிமுடித்து, அணியில் இடம் உறுதியான வீரர். மிசௌரி பல்கலைக்கழக அணியின் மைக்கேல் சாமுக்கோ அந்தப் பாதுகாப்பு இல்லை. தம் கல்லூரிப் போட்டிக் கூட்டமைப்பின் சிறந்த தற்காப்பு வீரர் விருதைப் பகிர்ந்துகொண்ட அவர், தாம் தன்பாலீர்ப்புள்ளவர் என்ற உண்மையை 2014 பிப்ரவரியில் சொன்னார். தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை ஒவ்வொருவராக அழைத்துச் சேர்க்கும் மே மாதத் தேர்வில் 256 பேரில் 249ஆவதாகவே அழைக்கப்பட்டார். உடல்வாகும் வேகமும் போதாது என்றார்கள். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆயினும் அத்தகைய விருது பெற்றவர் அவ்வளவு கீழே சரிவது வழக்கமன்று. செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அவரைப் பருவம் தொடங்குமுன்பே விடுவித்தது. டல்லஸ் கௌபாய்ஸின் பயிற்சிக் குழுவில் சில வாரங்கள் இருந்தும், முறையான லீக் ஆட்டம் ஒன்றில்கூட அவர் களமிறங்கவில்லை.

முன்னாள் வீரர் டேவிட் கோபே 1975இல், ஓய்வுக்குப் பின்னரே வாய்திறந்தார் என்பதும் நினைவுகூரத்தக்கது. இனி நாசிப்பைப் பாராட்டி எழுதும்போது, தங்கள் விளையாட்டுப் பக்கம் சாமுக்கும் ஒரு பத்தி ஒதுக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை