விளக்கை எழுதினீர்கள், படகோட்டி எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் அடிமைகள் தப்பிப் போன ரகசியப் பாதைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். அந்தப் பாதைகளுக்கு வழங்கிய 'நிலத்தடி ரயில்பாதை' என்பது வெறும் பெயர்தான், அதில் ரயிலும் கிடையாது, தண்டவாளமும் கிடையாது என்று முதலிலேயே தெளிவுபடுத்தியது நல்லது. ஆனால் கட்டுரையில் பாதியை ஓஹியோ மாநிலத்து ரிப்ளி ஊருக்கும், அங்கே குன்றின் மேல் பாதிரியார் ஜான் ரேங்கின் தப்பி வருபவர்களுக்கு வழிகாட்ட இரவெல்லாம் எரியவிட்ட விளக்குக்கும் கொடுத்துவிட்டு, ஆற்றின் மறுகரையைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் விட்டிருக்கிறீர்கள்.

ரேங்கினைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. வர்ஜீனியாவில் இருந்த தம் சகோதரர் அடிமைகளை வாங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டதும் அவருக்குக் கடிதம் கடிதமாக எழுதி, அவற்றை உள்ளூர்ப் பத்திரிகையிலும் வெளியிட்டு, 1826இல் நூலாகவும் கொண்டுவந்தவர் அவர். 13 பிள்ளைகள் இருந்த வீட்டில் வந்தவர்களுக்கெல்லாம் சோறும் படுக்கையும் கொடுத்த குடும்பம். 1841இல் அடிமை பிடிப்பவர்கள் இரவில் வீட்டைத் தாக்கியபோது மகன்கள் துப்பாக்கியோடு எதிர்த்து நின்றார்கள். இதெல்லாம் உண்மை. ஆனாலும் விளக்கு எரிந்தது அடிமைமுறை இல்லாத வடகரையில். தென்கரை கென்டக்கி, அடிமை மாநிலம். நடுவில் ஓஹியோ ஆறு. நல்ல குளிர்காலத்தில் அது உறைந்தால் நடந்து வரலாம். மற்ற நாளில் யாராவது படகு வலித்தாக வேண்டும். அந்த யாராவது யார்?

ஒருவரை நமக்குத் தெரியும். ஆர்னால்ட் கிராக்ஸ்டன். 1840இல் கிறிஸ்துமஸ் காலையில் கென்டக்கியின் மேசன் மாவட்டத்தில் பிறந்தவர், அடிமை. ஒரு நாள் பெண் பார்க்கப் பக்கத்துப் பண்ணைக்குப் போன இடத்தில், ஒரு கிழவி ஒரு சிறு பெண்ணைக் காட்டி, 'இவளை அக்கரையில் விட்டுவிட்டு வருகிறாயா?' என்று கேட்டிருக்கிறாள். பையனுக்கு நடுக்கம். முதலில் முடியாது என்றுதான் சொன்னார். மறுநாள் இரவு போனார். நீரோட்டம் பலமாக இழுத்தது. இருட்டில் எதுவும் தெரியவில்லை, தூரத்தில் ரேங்கின் வீட்டு வெளிச்சத்தைத் தவிர. கரை சேர்ந்ததும் இரண்டு பேர் கை நீட்டி அந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டார்கள். தன்னையும் பிடிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று பயந்து அவர் மறுபடி நடுங்கி, ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார். அவர்களில் ஒருவர் கேட்டது 'பசிக்கிறதா, தம்பி?' என்பது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை அசர வைப்பது. அந்தக் கரையில் இறங்கி நடந்திருந்தால் அவரும் தப்பியிருக்கலாம். இறங்கவில்லை. திரும்ப வலித்துக்கொண்டு போய், விடிவதற்குள் எஜமானனின் பண்ணையில் வேலைக்கு நின்றார். மாதத்துக்கு மூன்று நான்கு முறை, நிலா இல்லாத இரவுகளில், 1863 வரை இதையே செய்தார். படகில் வந்தவர்களின் முகத்தைக்கூட அவர் பெரும்பாலும் பார்த்ததில்லை. கரையில் நிற்பவர் சரியான ஆள்தானா என்று அறிய ஒரு சங்கேதச் சொல் உண்டு, அவ்வளவுதான். காசு வாங்கவில்லை. கடைசியில் விஷயம் வெளியே தெரிந்து, வயலிலும் காட்டிலும் ஒளிந்து திரிந்த பிறகே தன் மனைவியை ஏற்றிக்கொண்டு தாமும் அக்கரை போய்ச் சேர்ந்தார்.

ரிப்ளியிலேயே இன்னொருவர், ஜான் பார்க்கர். அவரையும் உங்கள் கட்டுரையில் காணோம். எட்டு வயதில் விற்கப்பட்டு, சங்கிலியில் கட்டி அலபாமா வரை நடத்திக்கொண்டு போகப்பட்டவர். இரும்பு வார்ப்பு வேலை கற்று, கூலியைத் தவணை தவணையாகக் கட்டி, 1845இல் 1,800 டாலருக்குத் தம்மைத் தாமே விலைக்கு வாங்கினார்! பிறகு ரிப்ளியில் சொந்த வார்ப்படப் பட்டறை வைத்தார். சொந்தக் கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமையும் பெற்றார். அப்படிப்பட்டவர் இரவானால் படகெடுத்துக் கென்டக்கிக்குள்ளேயே போவார். ஒரு தம்பதி ஓடிவிடக் கூடாதென்று அவர்கள் கைக்குழந்தையை எஜமானன் தன் கட்டிலருகே படுக்க வைத்திருந்தான், பக்கத்தில் துப்பாக்கிகள். பார்க்கர் அந்த அறைக்குள் தவழ்ந்து போய்க் குழந்தையை எடுத்து வந்தார். ரிப்ளி தெருவில்கூட அவர் இரவில் ஓரமாக நடப்பதில்லை, நடுத்தெருவில்தான் நடப்பாராம், ஆயுதத்தோடு. 'சுதந்திரக் கரை' என்று உங்கள் கட்டுரை எழுதிய ஊரில் அடிமை பிடித்துப் பிழைத்தவர்களும் குடியிருந்தார்கள் என்பது இதிலிருந்து விளங்கும்.

இவர்கள் பெயர்கள் வரலாற்றில் ஏன் விட்டுப்போகின்றன என்பதற்குக் காரணம் உண்டு. 1850இல் வந்த தப்பியோடிய அடிமைகள் சட்டம், உதவி செய்தவருக்கு 1,000 டாலர் அபராதமும் ஆறு மாதச் சிறையும் என்றது. வழக்கை விசாரிக்கும் ஆணையருக்கு, பிடிபட்டவரை எஜமானனிடம் ஒப்படைத்தால் 10 டாலர், விடுவித்தால் 5 டாலர். (இப்படியொரு நீதியைச் சட்டமாகவே எழுதி வைத்தார்கள்!) அதுவரை தாம் உதவிய 315 பேரின் விவரங்களைக் குறித்து வைத்திருந்த பார்க்கர், அந்த நோட்டைத் தம் பட்டறை உலையிலேயே போட்டுவிட்டார். சொத்து இருந்தவருக்கே இந்த நிலை. மறுகரையில் எழுதப் படிக்கவே விடப்படாதவர்கள் எதை எழுதி வைத்திருக்க முடியும்?

அப்புறம் 1890களில் வில்பர் சீபர்ட் என்ற பேராசிரியர் ஊர் ஊராகக் கடிதம் போட்டு நினைவுகளைத் திரட்டினார். தப்பியவர்களுக்கு உதவியவர்கள் என்று அவர் போட்ட பட்டியலில் ஏறத்தாழ 3,200 பெயர்கள். பெரும்பாலோர் வெள்ளையர். அவர் உழைப்பு பெரிது, அதை மறுக்கவில்லை. ஆனால் யாரிடம் கேட்கிறோமோ அவர்கள் கதைதானே கிடைக்கும்? கிராக்ஸ்டனிடம் வந்து கேட்டது 1930களில், வேலையில்லாத எழுத்தாளர்களுக்காக அரசு நடத்திய திட்டத்தில். அப்போது அவருக்கு வயது 97. பார்க்கர் 1880களில் ஒரு பத்திரிகையாளரிடம் சொன்னவை அச்சேறியது 1996இல். அவர் இறந்து 96 ஆண்டுகள் கழித்து.

இன்னும் சில சில்லறை விஷயங்கள். தாமே அடிமையாக இருந்து தப்பி, பிறகு திரும்பத் திரும்பப் போய்ப் பிறரையும் அழைத்து வந்த ஹேரியட் டப்மன் 300 பேரை மீட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது 1869இல் வந்த அவருடைய வாழ்க்கை வரலாறு பரப்பிய கணக்கு. இன்றைய ஆய்வாளர்கள் சுமார் 13 பயணங்கள், 70 பேர் அளவில் என்கிறார்கள். அதனால் அவர் பெருமை ஒன்றும் குறைந்துவிடாது. ஒட்டுப் போர்வையின் கோலத்தில் வழி சொல்லிக் கொடுத்தார்கள் என்ற கதைக்கு அந்தக் காலத்துச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வீடு சுரங்கம் என்பதும் பெரும்பாலும் பிற்கால அலங்காரம். ஒளிந்தது கொட்டகையிலும் பரணிலும் வைக்கோலிலும்தான்.

மகளைப் பார்க்கச் சின்சினாட்டி போயிருந்தபோது, அங்குள்ள அருங்காட்சியகத்தில் மேசன் மாவட்டத்திலிருந்தே பெயர்த்துக் கொண்டுவந்த மரக் கட்டடம் ஒன்றைப் பார்த்தேன். தெற்கே விற்பதற்காக ஆட்களை அடைத்து வைத்த கொட்டடி. பிற்காலத்தில் அதில் புகையிலை அடுக்கியிருக்கிறார்கள். கிராக்ஸ்டன் படகு வலித்த கரையின் நிலவரம் இது. ரேங்கின் வீட்டின் படத்துக்குப் பக்கத்தில் இதன் படத்தையும் போட்டிருக்கலாம்.

கிராக்ஸ்டனின் வாக்குமூலம் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. சில பக்கங்கள்தான். அதை யாரையாவது கொண்டு தமிழாக்கி, அடுத்த இதழிலோ அதற்கடுத்த இதழிலோ முழுமையாக வெளியிடுங்கள். டப்மன் கணக்குக்கு ஒரு திருத்தமும் போட்டுவிடுங்கள். பள்ளிப் பிள்ளைகள் உங்கள் இதழைப் பார்த்துத்தான் பேச்சுப் போட்டிக்கு எழுதிக்கொண்டு போகிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை