முதலில் காற்று, பிறகு பாராசூட்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்து சேர்ந்தது. மூத்தவளுக்கு வேலை கிடைத்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். ரொம்ப சந்தோஷம். உன் முழங்கால் தேறிவருவதும் நிம்மதியாக இருக்கிறது. நீ திரும்பவும் பாராசூட்டில் குதிக்கப்போகிறாயோ இல்லையோ, புதியவர்களுக்குத் தரைவகுப்பு எடுக்கச் சம்மதித்துவிட்டாயே, அதுதான் எனக்குப் பெரிய சேதி. நம் பழைய கூட்டத்தில் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவன் நீதான்.

பாடத்திட்டத்தைப் பார்த்து அபிப்பிராயம் சொல்லச் சொன்னாய். முதல் ஒரு மணி நேரம் முழுக்க மெயின் என்கிற முதன்மைப் பாராசூட், அது கைவிட்டால் உதவும் ரிசர்வ், கைப்பிடிகள், பட்டைகள் என்று பையின் பாகங்களாகவே போட்டிருக்கிறாய். இதை மாற்று. காற்றிலிருந்து தொடங்கு. வகுப்புக்கு வருகிறவன் ஆகாயம் வெறும் வெட்டவெளி, கைப்பிடியை இழுத்தால் பாராசூட் தானாக விரிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டுதான் வந்து உட்காருகிறான். இந்த நினைப்பு மாறாமல் பாகங்களின் பெயரை மட்டும் மனப்பாடம் செய்தால், மேலே போனதும் எல்லாம் மறந்துபோகும். காற்று கெட்டியானது, சாய்ந்துகொள்ளலாம், அதை வேலை வாங்கலாம் என்று புரிந்துவிட்டால், பையில் இருக்கும் ஒவ்வொன்றும் ஏன் அங்கே இருக்கிறது என்று அவனே சொல்லுவான்.

நான் ஒரு பழைய பைலட் சூட்டை, அதாவது பெரிய பாராசூட்டை வெளியே இழுக்கும் குட்டிப் பாராசூட்டை, மைதானத்துக்கு எடுத்துப்போய், மாணவர் கையில் கொடுத்து வேகமாக ஓடச் சொல்கிறேன். மெல்லிய இழுப்பு ஒன்று தெரியும், அவ்வளவுதான். பிறகு கணக்கு. வயிறு கீழே பார்க்க விழுகிற ஒருவர் பத்துப் பன்னிரண்டு நொடியில் மணிக்கு ஏறக்குறைய 190 கி.மீ. வேகத்தை எட்டிவிடுகிறார். அதற்கு மேல் வேகம் கூடாது, உடல் எடையும் காற்றின் எதிர்ப்பும் சரிசமமாகிவிடும். நீ ஓடியது மணிக்கு 19 கி.மீ. என்று வைத்துக்கொள். விழும் வேகம் அதைப்போல் பத்து மடங்கு. காற்றின் விசையோ வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் இழுப்பு நூறு மடங்கு. இதைச் சொல்லும்போது கையிலிருக்கும் அந்தத் துணியை அவர்கள் பார்க்கிற பார்வையே வேறாகிவிடும்.

அடுத்தது வெளியேறும் கணம். வாசலில் நிற்கும் எல்லோருக்கும் பூமியைப் பார்க்கத் தோன்றும், வயிற்றைப் பூமிக்குக் காட்டத் தோன்றும். ஆனால் விமானம் மணிக்கு 130, 150 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது காற்று கீழேயிருந்து வருவதில்லை, விமானத்தின் முன்பக்கத்திலிருந்து வருகிறது. விழ விழத்தான் அது கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, பத்து நொடி வாக்கில் நேர் கீழேயிருந்து அடிக்கும். ஆகவே 'பூமி எங்கே' என்ற கேள்வியையே வகுப்பிலிருந்து எடுத்துவிடு. 'காற்று எங்கே' என்று மட்டும் கேள். நான் ஒரு குச்சியை அம்புபோல் பிடித்து மெல்லத் திருப்புவேன், அவர்கள் மார்பை அதற்கு நேராக வைத்துக்கொண்டே திரும்பவேண்டும். இடுப்பை முன்னால் தள்ளி, கைகால்களைப் பின்னால் வளைத்தால் உடலின் பாரம் காற்றுக்கு முன்னால் வந்துவிடும், உடல் தானே நிலைகொள்ளும். 'ஆர்ச், ஆர்ச்' (வில்போல் வளை) என்று நாம் கத்துவதன் காரணம் இதுதான் என்று சொன்னால் போதும்.

காற்றுக் குகையில், அதாவது கீழிருந்து வேகமாகக் காற்றடித்து ஆளை மிதக்கவைக்கும் பயிற்சிக்கூடத்தில், பழகிவிட்டு வருகிறவர்களைப் பற்றிக் கேட்டிருந்தாய். உடல் நிலைப்பில் அவர்கள் நன்றாகவே இருப்பார்கள். ஆனால் அங்கே உயரம் குறைவதில்லை, பாராசூட் திறப்பதும் இல்லை. உயரமானியைப் பார்க்கும் பழக்கம் வராமலே நன்றாகப் பறக்கக் கற்றவர்களைப் பற்றி எனக்கு எப்போதும் கவலைதான்.

இனி திறப்பு. இதற்கு எவ்வளவு நேரம் கொடுத்தாலும் தகும். பையின் அடியிலுள்ள சிறு பாக்கெட்டிலிருந்து பைலட் சூட்டை உருவிப் பக்கவாட்டில் எறிவதோடு கையின் வேலை முடிந்தது. மற்றதெல்லாம் காற்றின் வேலை. அது பைலட் சூட்டைப் பிடிக்கும், அதோடு இணைந்த நாடா விறைக்கும், பையை மூடி நிற்கும் ஊசி உருவும், உள்ளிருக்கும் துணிப்பை மேலெழும், ரப்பர் பேண்டுகளிலிருந்து கயிறுகள் ஒவ்வொன்றாய் விடுபடும், கடைசியில் விதானம், அதாவது பாராசூட்டின் பெரிய துணி, வெளியே வரும். இந்தச் சங்கிலியை ஒவ்வொரு மாணவரும் தன் வாயால் சொல்லும்வரை நான் விமானத்தில் ஏற்றுவதில்லை.

எறிவதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஆற்றின் நடுவே நிற்கும் பாறைக்குப் பின்னால் நீர் ஓடாமல் சுழன்றுகொண்டே கிடக்குமே, அதுபோல விழுகிறவரின் முதுகுக்கு மேல் ஒரு காற்று நிழல் இருக்கிறது. பைலட் சூட்டை நாணிக்கொண்டு லேசாக விட்டால் அந்த நிழலில் சிக்கி முதுகின்மேலேயே ஆடிக்கொண்டிருக்கும். கையை முழுக்க நீட்டி, ஓடும் காற்றில் போய் விழும்படி உதறி எறியவேண்டும். ஒன்றும் நடக்கவில்லை என்றால் தோளைத் திருப்பிப் பின்னால் பார்க்கச் சொல்கிறோம் அல்லவா, அந்தத் திருப்பத்திலேயே நிழல் கலைந்து காற்று உள்ளே புகுந்துவிடும். அப்படியும் வரவில்லை என்றால் காத்திருக்கவே கூடாது. ஆயிரம் அடி ஆறு நொடிக்குள் போய்விடும்.

காற்று போதாவிட்டால் என்ன ஆகும் என்று யாராவது கேட்பார்கள். அவர்களுக்கு அமெரிக்க விமானப்படையின் ஜோசப் கிட்டிங்கரின் கதையைச் சொல். 1959 நவம்பரில் 23 கி.மீ. உயரத்துக்கும் மேலிருந்து பலூனிலிருந்து குதித்தார். அவரை நிலைப்படுத்தவேண்டிய சிறிய பாராசூட், வேகம் சேர்வதற்கு முன்பே வெளியே வந்துவிட்டது. அதை இழுத்து விறைப்பாக்கக் காற்றுக்குப் பலமில்லை. கழுத்தில் சுற்றிக்கொண்டது. சுழன்று சுழன்று மயங்கிவிட்டார். தானியங்கி ரிசர்வ்தான் அவரைக் காப்பாற்றியது. அடுத்த ஆண்டே 31 கி.மீ. உயரத்திலிருந்து நல்லபடியாகக் குதித்து இறங்கினார். இந்தக் கதைக்கு வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும்.

விதானம் சட்டென்று விரியாமல் தடுக்கும் ஸ்லைடரை மட்டும் அவசரமாகக் கடந்துவிடாதே. டொமினா ஜால்பர்ட் 1960களில் காப்புரிமை பெற்ற அறைகள்கொண்ட இறக்கை வடிவம்தான் இன்றைய சதுர பாராசூட்டுக்கு மூலம். ஆனால் ஆரம்பகாலத்தில் அது ஒரே அடியாகத் திறந்து ஆளை உலுக்கிவிடும். அதற்கு விடையாக வந்ததுதான் ஸ்லைடர், நான்கு மூலையில் வளையம் வைத்து, கயிறுகளைக் கோத்த ஒரு நைலான் துண்டு. கயிறுகள் விரிய முயன்று அதைக் கீழே தள்ளும். எதிர்வரும் காற்றோ மேலே அழுத்தும். வேகம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நேரம் அது மேலேயே நிற்கும், வேகம் தணியத் தணிய இறங்கும். காற்றையே காற்றுக்குக் காவல் வைத்திருக்கிறார்கள்! இத்தனை வருடமாகியும் இதைக் கரும்பலகையில் வரையும்போது எனக்கு உற்சாகம் குறைவதில்லை.

கோளாறுகளையும் இதே வழியில் சொல்லிவிடலாம். காதில் இரைச்சல் குறைந்ததா என்று கேட்கச் சொல். குறையவில்லை என்றால் துணி காற்றைப் பிடிக்கவில்லை, யோசிக்க நேரமில்லை, ரிசர்வ். இரைச்சல் அடங்கிவிட்டால் நிமிர்ந்து பார்க்கட்டும்: விதானம் சதுரமாக இருக்கிறதா, கயிறு முறுக்கியிருக்கிறதா, ஸ்லைடர் பாதியில் நிற்கிறதா, திருப்பவும் வேகம் குறைக்கவும் உதவும் பிரேக் கயிறுகளை இழுத்தால் சொன்ன பேச்சைக் கேட்கிறதா. மாணவர்களை 5,000 அடிக்கு மேலேயே பாராசூட்டைத் திறக்கச் சொல்வது இந்தச் சோதனைக்கெல்லாம் நேரம் கிடைக்கட்டும் என்றுதான்.

தரையிறக்கத்தைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், அதை இரண்டு வரியில் சொல்லி முடிக்க மனம் வரவில்லை. பயன்பாட்டிலிருந்து எடுத்துவிட்ட பைலட் சூட் ஒன்றை இத்துடன் அனுப்புகிறேன், வகுப்பில் ஓடவிடுவதற்கு மட்டும் வைத்துக்கொள். முதல் வகுப்பு முடிந்ததும் மாணவர்கள் கேட்ட கேள்விகளை ஒன்றுவிடாமல் எழுதியனுப்பு. மூத்தவளுக்கு என் ஆசி.

அன்புடன்,
உன் நண்பன்