வாகரையில் படிப்பிக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நேற்றுப் போனில் நீ சொன்னது இரவு முழுக்க மனதில் கிடந்தது. வகுப்பில் இலங்கையின் ஆதிக்குடியான வேடர் வழிவந்த ஒரு பொடியனை மற்றப் பிள்ளைகள் "வேடன்" என்று பழித்தார்கள், அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு குனிந்து நின்றான் என்றாய். "அவையும் தமிழ்தானே கதைக்கினம், எல்லாரும் ஒண்டுதான் எண்டு சொல்லி இருத்திவிட்டன்" என்றாய். நல்ல மனதோடுதான் செய்தாய். எனக்கு அது சரியாகப் படவில்லை பிள்ளை.

1977இல் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தோடு மாத்தளைத் தேயிலைத் தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சித் தருமபுரத்துக்கு வந்தபோது எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் ஒருநாள் "அம்மாயி வரச் சொன்னாங்க" என்றேன். வகுப்பே சிரித்தது. வாத்தியார் ஏசவில்லை. "அம்மம்மா எண்டு சொல்லு, அதுதான் நல்ல தமிழ்" என்று திருத்தினார். அன்று பின்னேரம் வாசலில் நின்று "அம்மம்மா" என்று கூப்பிட்டேன். குசினிக்குள் இருந்த உன்ர பூட்டி, வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று வெளியே எட்டிப் பார்த்தா. அவ கண்மூடும்வரை அப்படியேதான் கூப்பிட்டேன். ஏனடா என்று அவ ஒருநாளும் கேட்கவில்லை. உனக்கும் இதை நான் சொன்னதில்லை.

1911 குடிசன மதிப்பில் வேடர் 5,300 பேருக்கு மேல். 1963இல் 400. மற்றவர்கள் எல்லாரும் செத்தா போனார்கள்? கலியாணம், குடியேற்றம், பள்ளிக்கூடம் எல்லாம் சேர்ந்து, சிங்கள ஊர்கள் சூழ்ந்த தம்பானைப் பக்கத்தில் பலரைச் சிங்களவராகவும் உங்கள் கிழக்குக் கரையோரத்தில் பலரைத் தமிழராகவும் பதிந்துவிட்டன. தம்பானைப் பிள்ளை சிங்களத்தில் படிக்கிறது, உன் பிள்ளை தமிழில் படிக்கிறது. இரண்டு பேருக்கும் வேடர் என்ற சொல் வகுப்பில் பழிப்பாக மட்டும் வந்தால், வளர்ந்த பிறகு அதை யார் வாயால் சொல்வார்கள்?

தமிழை வடிவாகப் படிப்பி. அது அவன் வீட்டு மொழியும்தானே. ஓ.எல். சோதனை பாஸ் பண்ணாமல் அவன் எங்கே போவான்? ஆனால் அதற்காக அவன் வேடன் இல்லாமல் போகத் தேவையில்லை.

அவனுடைய அப்பப்பா காட்டில் தேன் எடுக்கிறவர் என்றாயே. அதிபரிடம் கேட்டு, அவரை ஒருநாள் வகுப்புக்குக் கூட்டிவா. எந்தப் பூ பூத்தால் எந்தப் பக்கம் தேன் கட்டும் என்று அவர் சொல்லட்டும். பழித்த பிள்ளைகளை முன் வாங்கில் இருத்து. நீ பின்னால் இருந்து கொப்பியில் எழுதிக்கொள்.

இங்கே பாலைப்பழம் தொடங்கிவிட்டது, லீவுக்கு வா. அந்தப் பொடியன் வீட்டில் கிழவியை என்ன சொல்லிக் கூப்பிடுகிறான் என்று கேட்டு எனக்கு எழுது.

அப்பா