செயலாளரின் ஆண்டறிக்கை: கொழுந்தெடுக்கும் தாய்மாரும் பிள்ளைகளின் போசாக்கும்

மதிப்பிற்குரிய தலைவி அவர்களே, நிர்வாகக் குழுவினரே, சங்கத்தின் தாய்மாரே, வணக்கம்.

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் போசாக்கையே இவ்வாண்டின் முதற்பணியாகக் கொள்வதெனச் சென்ற பொதுக்கூட்டத்தில் தீர்மானித்தோம். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, இலங்கை முழுவதிலும் இவ்வயதுப் பிள்ளைகளில் 17.3 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தபோது, பெருந்தோட்டப் பகுதிகளில் அது 31.7 வீதமாக இருந்தது. தாய்மார் தேயிலைக் கொழுந்தெடுக்க மலைக்குப் போவதே இதற்குக் காரணம் என்ற பேச்சு நம் லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், அடிக்கடி எழுகிறது. அது நியாயமற்றது என்பதே சங்கத்தின் நிலைப்பாடு. தாயின் நாட்சம்பளம் வராத வீட்டில் பருப்பும் முட்டையும் நெத்தலியும் சட்டிக்கு வருவதில்லை. அந்தச் சம்பளத்துக்காக அவர் மலையில் நிற்கவேண்டிய நேரம் வகுக்கப்பட்டுள்ள விதமே பிள்ளைக்கு ஊட்டவேண்டிய வேளைகளைப் பறித்துக்கொள்கிறது.

பிள்ளைக்கு ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே கொடுக்கவேண்டும் என்று கிளினிக்கில் சொல்லப்படுகிறது. பிரசவ விடுமுறையோ 84 நாட்களே. மூன்றாம் பிள்ளை முதல் 42 நாட்களாக இருந்த விடுமுறை 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் எல்லாப் பிரசவங்களுக்கும் சமமாயிற்று என்பதையும் நன்றியுடன் குறிப்பிட வேண்டும். விடுமுறை முடிந்தபின் பாலூட்டுவதற்கென நாளொன்றுக்கு இரண்டு இடைவேளைகளைப் பிரசவகால நன்மைகள் கட்டளைச் சட்டம் வழங்குகிறது. பிள்ளைக் காம்பரா எனும் பிள்ளைப் பராமரிப்பு நிலையம் உள்ள இடத்தில் ஒவ்வொன்றும் அரை மணி நேரம், இல்லாத இடத்தில் ஒரு மணி நேரம். சமதரையில் அரை மணி போதுமாயிருக்கலாம். உச்சி மலையில் கொழுந்தெடுக்கும் தாய்க்கு இறங்கி ஏறவே அந்த நேரம் கழிந்துவிடுகிறது. நேரம் கடந்தால் கொழுந்தின் நிறை குறையும், நிறை குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாட் சம்பளமே. ஆகவே பலர் இடைவேளையையே விட்டுவிடுகிறார்கள், வீட்டில் பாட்டி போத்தல் பாலைக் கரைக்கிறார்.

இதனால் பாலூட்டும் தாய்மாரைப் பிள்ளைக் காம்பராவுக்கு அருகிலுள்ள மலைகளுக்கே அனுப்பவேண்டுமென்று தோட்ட நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேட்டோம். பலமுறை பேசியபின் கீழ்ப்பிரிவில் இது நடைமுறைக்கு வந்தது; மேற்பிரிவில் இன்னும் வரவில்லை. அந்தத் தாய்மாரிடம் நாம் கடன்பட்டுள்ளோம் என்றே கருதுகிறேன்.

ஆறு மாதத்துக்குப் பிந்திய உணவே எமது இரண்டாவது கவலையாக இருந்தது. அதிகாலையில் ரொட்டியைச் சுட்டுவைத்துவிட்டு ஓடும் வீட்டில், பிள்ளைக்கும் அதுவே சாயத்தண்ணீரில் நனைத்து ஊட்டப்படுகிறது. தேயிலைச் சாயம் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கிறது. சீனி கலந்த தண்ணீர் சிறிய வயிற்றை நிரப்பிப் பசியை அடக்கிவிடுகிறது. குடும்ப நல உத்தியோகத்தரின் துணையுடன் நடத்திய சமையல் வகுப்புகளுக்குப் பாட்டிமாரையே முதலில் அழைத்தோம், பகலில் ஊட்டுபவர்கள் அவர்கள்தான் என்பதால். சோற்றுடன் பருப்பும் கீரையும் மசித்து, சிறிது தேங்காயெண்ணெய் சேர்த்து, கரண்டியில் நிற்கும் பதத்தில் ஊட்டுவதைச் செய்துகாட்டினோம். கிளினிக்கில் கிடைக்கும் திரிபோஷா எனும் சத்துமாவை வீட்டார் அனைவரும் பகிர்ந்துண்ணும் வழக்கம் பற்றியும் பேசினோம். பசியுள்ள வீட்டில் அதைக் குறைகூற முடியாது என்றாலும், அது இளம் பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் கணக்கிட்டுக் கொடுக்கப்படுவது.

வெளிநாட்டில் வீட்டுப்பணிக்குச் சென்றுள்ள தாய்மாரின் பிள்ளைகள் பற்றி நாம் போதிய அளவு பேசவில்லை. சிறு பிள்ளைகளின் தாய்மார் வெளிநாட்டு வேலைக்குச் செல்வதைக் கட்டுப்படுத்தும் விதி 2022இல் தளர்த்தப்பட்டபின், இரண்டு வயதைக் கடந்த பிள்ளையின் தாயும் செல்ல முடிகிறது. அவர் அனுப்பும் பணம் வருகிறது, ஆனால் வளர்ச்சிப் பதிவேட்டுடன் பிள்ளையைக் கிளினிக்கில் நிறை பார்க்கத் தூக்கிவர ஆளில்லை.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

வரும் ஆண்டில் மேற்பிரிவுக் கோரிக்கையைத் தொடர்வது, தாய் வெளிநாட்டிலுள்ள வீடுகளுக்கு உறுப்பினர் ஒருவரைப் பொறுப்பாக்குவது, பிள்ளைக் காம்பரா மதிய உணவில் முட்டை சேர்க்கும்படி நிர்வாகத்தைக் கேட்பது ஆகிய தீர்மானங்களைச் சபையின் அங்கீகாரத்துக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்