ஸ்டெல்லாவுக்கு, குன்னூரிலிருந்து

அன்பு மகள் ஸ்டெல்லாவுக்கு,

குரல் சரியில்லை, போன் வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னாயாம். அதனால் எழுதுகிறேன். வெந்நீர் குடிக்கிறாயா? இங்கே மழை விடவில்லை. அம்மா வர்க்கி வாங்கி வைத்திருக்கிறாள். கொடுத்தனுப்ப ஆள் கிடைக்கவில்லை.

பெரியப்பாவின் இசைத்தட்டுப் பெட்டியைத் திறந்தேன். அட்டைகள் எல்லாம் பூஞ்சை. துடைத்துக்கொண்டே வந்ததில் அமெரிக்க ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவின் 'வாக்கா ஜவாக்கா' அகப்பட்டது. அவருடைய முந்தைய தட்டு 'ஹாட் ராட்ஸ்' தேயத் தேய ஓடிய வீட்டில் இதை ஒருவரும் தொடவில்லை. தட்டில் ஒரு கீறல் இல்லை.

1971 டிசம்பரில், லண்டன் ரெயின்போ அரங்கில் ஒருவன் அவரை மேடையிலிருந்து கீழே தள்ளிவிட்டான். கால் முறிந்தது, குரல்வளை நசுங்கியது. மாதக்கணக்கில் சக்கர நாற்காலி. குரல் பிறகும் இறங்கியே இருந்தது. அந்த நிலையில் 1972-இல் பதிவு செய்த தட்டு இது. முதல் பக்கம் முழுவதும் 'பிக் ஸ்விஃப்டி' ஒன்றுதான், 17 நிமிடம். தாளம் ஓரிடத்தில் நிற்காமல் மாறி மாறி ஓடும். பிறகு கட்டு அவிழ்ந்து, ஜார்ஜ் டியூக்கின் மின்பியானோ தன் போக்கில் நடக்கும். டிரம்பெட் சால் மார்க்வெஸ். அவர் ஒருவரே பலமுறை வாசித்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்திருக்கிறார்; கடைசி உருப்படியில் ஒரு கூட்டமே நின்று ஊதுகிறது. உன் அம்மாகூட அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். இரண்டே சின்னப் பாட்டுகளில்தான் வாய்ப்பாட்டு. அதையும் ஸாப்பா மற்றவர்களிடம் கொடுத்துவிட்டார். அவர் கையில் கிட்டார். எழுதியதும், யார் எங்கே நுழைய வேண்டும் என்று அடுக்கியதும் அவரே.

ஏசி அறையில் உட்காராதே. கழுத்தைச் சுற்றிக்கொள். வெந்நீர்தான் குடிக்க வேண்டும்.

பதினொன்றாம் வகுப்பில் சபைப் பாடகர் குழுவுக்கு நான்கு குரலுக்கும் தனித்தனியாக வரி எழுதிக் கொடுத்தாயே, அந்த நோட்டும் பெட்டியில் இருந்தது. அடித்தல் திருத்தல் இல்லாத பென்சில் எழுத்து. நீ பாடியதை ஊரே பேசுகிறது. எழுதியதைப் பற்றி நான் ஒருவன்தான் பேசுகிறேன். அதை ஏன் விட்டாய் என்று இன்றுவரை நீ சொல்லவில்லை.

தட்டு தபாலில் வளைந்துவிடும், அனுப்பமாட்டேன். நோட்டை அனுப்புகிறேன். மூன்றாம் பாட்டில் ஆண் குரல் வரி பாதியில் நிற்கிறது. முடித்துத் திருப்பி அனுப்பு. கிறிஸ்துமஸுக்கு வேண்டும் என்று போதகர் ஐயா கேட்கிறார்.

அப்பா