எம்.எஸ். உள்ளவர்களை நீராவிக் குளியலுக்கு அனுப்பாதீர்கள்

ஆசிரியருக்கு,

மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் (எம்.எஸ்.) என்ற நரம்பு நோய் உள்ளவர்களை, 'வியர்வையோடு நச்சு வெளியேறட்டும்' என்று சொல்லி நீராவிக் குளியலுக்கு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இந்த நோயில் நரம்பிழையைச் சுற்றியுள்ள மயலின் உறை சிதைந்திருக்கும். உடல் வெப்பம் அரை டிகிரி செல்சியஸ் கூடினாலே அங்கே நரம்பு வழியே போகும் செய்தி தடைப்படலாம். பார்வை மங்கும், கால் துவளும். உடலை வருத்தி உழைத்தபின் இப்படிப் பார்வை மங்குவதை ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் 1890-லேயே பதிவு செய்துவிட்டார். எம்.ஆர்.ஐ. வருவதற்கு முன், வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்து அறிகுறி கூடுகிறதா என்று பார்ப்பதே ஒரு பரிசோதனையாக இருந்தது. வெப்பத்தால் நரம்பு புதிதாகச் சிதைவதில்லை, குளிர்ந்ததும் சரியாகும். ஆனால் குளியலறையில் கால் துவண்டு விழுந்தால் இடுப்பெலும்பு முறியும்.

அதற்காக வெயிலுக்குப் பயந்து பயிற்சியை விடுவது பெருந்தவறு. வாரம் இரண்டு நாள் அரைமணி நேரம் நடை, இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி தேவை. உடல் வெப்பம் விடியற்காலையில்தான் மிகக் குறைவு. ஆறு மணிக்கே தொடங்குங்கள். அதற்கு முன் இருபது நிமிடம் முழங்கால் வரை குளிர்ந்த நீரில் கால் வைத்திருங்கள். ஐஸ் கொட்ட வேண்டாம், தசை விறைத்துக்கொள்ளும். கால் மரத்துப்போனவர்களுக்குக் குளிர் உறைக்காது, நீரை வேறொருவர் தொட்டுப் பார்க்கட்டும். ஐந்து நிமிடம் நடந்தால் இரண்டு நிமிடம் உட்காருங்கள். இடையிடையே குளிர்ந்த நீரைக் குடியுங்கள். ஈரத்துண்டு போர்த்தினால் மின்விசிறியும் ஓட வேண்டும். சென்னை போன்ற கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் துண்டு தானாக உலராது. உலராத துண்டு உடலைக் குளிர்விக்காது.

அடிக்கடி சிறுநீர் வருகிறதென்று தண்ணீரைக் குறைப்பவர்கள் ஏராளம். சிறுநீர்த் தொற்று வந்து, காய்ச்சல் ஏறி, கை கால் மேலும் தளர்வது இப்படித்தான். பகலில் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் குடியுங்கள். காபி, டீயைக் குறையுங்கள். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன் எதையும் குடிப்பதை நிறுத்துங்கள்.

வைட்டமின் டி குறைந்திருந்தால் ஈடுகட்டுவது நல்லது. ஆனால் வாரம் ஒன்று சாப்பிட வேண்டிய 60,000 யூனிட் மருந்தைத் தினமும் விழுங்கினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம் எல்லாம் அதன் அறிகுறிகள். சீந்தில் கொடியை 'எதிர்ப்புச் சக்தி கூட்டும்' என்று கொடுப்பதும் சரியல்ல: இங்கே நரம்பைத் தாக்குவதே எதிர்ப்புச் சக்திதான். சீந்திலால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள். இன்டர்ஃபெரான், டெரிஃபுளுனமைடு போன்ற எம்.எஸ். மருந்துகளை எடுப்பவர்களின் கல்லீரலுக்கு ஏற்கெனவே கண்காணிப்பு தேவை.

புகைபிடித்தால் நோய் வேகமாக முற்றும், உடனே விட்டுவிடுங்கள்.

உணவு, யோகா, நடை எல்லாம் மருந்தோடு சேர்ந்து நடக்க வேண்டியவை. ஃபிங்கோலிமோட், நட்டாலிசுமாப் போன்றவற்றைத் திடீரென நிறுத்தினால் முன்பைவிடக் கடுமையான தாக்குதல் வரலாம். நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளையும் நிறுத்தாதீர்கள்.

குளிர்ந்த அறையில் ஒரு மணி நேரம் இருந்தபின் தளர்ச்சி நீங்கினால் அது வெப்பத்தின் வேலை. காய்ச்சலோ தொற்றோ இல்லாமல் 24 மணி நேரம் தாண்டியும் நீடித்தால், அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

- நரம்பியல் இயன்முறை மருத்துவர் ஒருவர், மதுரை